ஆளுக்கு இரண்டரை கிராம்

அவர் பெயரை எழுத மாட்டேன். பயம்தான், வேறொன்றும் இல்லை. இதை எங்கேயாவது படித்துவிட்டால், சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, எங்கெங்கே தப்பு என்று வட்டம் போட்டு, எனக்கே தபாலில் திருப்பி அனுப்பக்கூடிய மனுஷி அவர்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், மண்ணூர்பேட்டைப் பக்கம், இருபது பேர் வேலை செய்த ஒரு சின்ன ரப்பர் கம்பெனி எங்களுடையது. லாரி பிரேக்குக்குள் போகிற ரப்பர் வளையம் செய்வோம். நான் புரொடக்‌ஷன் சூப்பர்வைசர், அதாவது செய்கிறவன். அவர் இன்ஸ்பெக்‌ஷன், அதாவது நான் செய்ததையெல்லாம் குப்பை என்று சொல்கிறவர். நான் ராத்திரி பகலாகச் செய்து வைத்த சரக்கின் மேல் காலையில் வந்து சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டுப் போவார். கேட்டால், "உங்க மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல சார். வளையம்தான் பெருசா இருக்கு" என்பார். அந்த அமைதியான குரல் இருக்கிறதே, அதற்குத் திட்டியிருந்தாலே பரவாயில்லை.

ஆவடி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். அப்பா அங்கே ராணுவத் தொழிற்சாலையில் வேலை. பக்கத்து வீடு திருநெல்வேலி, எதிர் வீடு கோயம்புத்தூர், பின் வீடு நாகர்கோவில் என்று வளர்ந்ததில், அவர் பேச்சில் எந்த ஊர் வாடையும் ஒட்டவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நெமிலிச்சேரி. அங்கிருந்து ரயிலில் அம்பத்தூர் வந்து, ஷேர் ஆட்டோ பிடித்து வருவார். ஷேர் ஆட்டோவில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளை ஏற்றினால் இறங்கிவிடுவார். சண்டை போட மாட்டார். "மூணு பேருக்குத்தான் சீட்டு" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தே வருவார். நாளடைவில் அந்த ரூட்டு டிரைவர்கள் அவரைக் கண்டாலே, "அந்த அம்மா ஏறிகிச்சுன்னா நாலாவது சவாரி கெடையாதுடா" என்று வண்டியை நிறுத்தாமல் போக ஆரம்பித்தார்கள்.

அவருக்குப் பிடிக்காத ஒரே வார்த்தை 'சுமார்'. "சுமார் எவ்ளோ இருக்கும் மேடம்?" என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, "அளந்துட்டுச் சொல்லவா, இல்ல சும்மா பேசிக்கிட்டு இருக்கீங்களா?" என்பார். காய்கறிக் கடையில் தராசுத் தட்டை மாற்றி வைத்து மறுபடி நிறுக்கச் சொல்வாராம். ஒருமுறை ஆயுத பூஜைக்குப் பொரி வாங்கி வந்து இருபது பொட்டலம் போட்டார்கள். அத்தனையையும் நிறுத்துப் பார்த்து, மூன்று பொட்டலத்தைப் பிரித்து மறுபடி கட்ட வைத்தார். சாமிக்கு முன்னால் வைத்திருந்த பொரி ஐயா அது!

இப்படிப்பட்டவர் கையில் டீ எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

கொரோனா அடங்கி கம்பெனி திறந்தபோது, வெளி ஆள் யாரும் உள்ளே வரக்கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு வருகிற டீக்காரர் கேட்டோடு நின்றார். முதலாளியின் சம்பந்தி கோத்தகிரிக்காரர். அவர் ஒரு மூட்டை டீ அனுப்பினார். பின்பக்க ஷெட்டில் ஒரு கேஸ் அடுப்பு, ஒரு பெரிய பாத்திரம். ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து நாங்களே போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு.

மூட்டையைப் பிரித்தால், உள்ளே இருந்தது வழக்கமான டஸ்ட் தூள் இல்லை. இலை. சுருண்டு சுருண்டு கறுப்பாக, காய்ந்த சருகு மாதிரி. நாங்கள் யாரும் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு டீயைத் தொட்டதில்லை. முதல் நாள் என் முறை. வீட்டில் தூள் போடுகிற கணக்கிலேயே ஸ்பூனால் அள்ளிப் போட்டேன். பால் ஊற்றியதும் பார்த்தால், வெள்ளையாக ஏதோ ஒன்று. வளையம் அழுத்துகிற பிரஸ் மெஷினை ஓட்டும் தணிகாசலம் கிளாஸைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்தே இது, கொயந்தைக்குப் பால் காய்ச்சினியா?"

மறுநாள் அவன் முறை. பழிக்குப் பழி மாதிரி இரண்டு கையாலும் அள்ளிப் போட்டு, அரை மணி நேரம் கொதிக்கவிட்டான். குடித்தவன் எல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான். மூன்றாம் நாள் இலை கம்மி என்று ஒரு கோஷ்டி, அதிகம் என்று ஒரு கோஷ்டி, கைகலப்புக்கே வந்துவிட்டது. பிரஸ் ஓடாமல் நின்றது.

அப்போதுதான் இன்ஸ்பெக்‌ஷன் ரூம் கதவு திறந்தது. கையில் ஒரு ஸ்பூன், இரண்டு காகிதம், அவருடைய தராசு. ஐந்து கிலோ வரை நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு அது. ரப்பரில் கலக்கிற கந்தகம் முதலான மருந்துகளை அதில்தான் நிறுப்பார். யாரும் தொடக்கூடாது. பக்கத்தில் நின்று தும்மக்கூடக் கூடாது. ஒரு காகிதத்தில் ஒரு ஸ்பூன் டஸ்ட் கொட்டி நிறுத்தார். ஆறு கிராம். இன்னொன்றில் அதே ஸ்பூனால் இலை. மூன்று கிராம்.

"ஸ்பூன் இடத்தைத்தான் சார் அளக்கும். டீ எடையில இருக்கு" என்றார் என்னைப் பார்த்து. என்னை மட்டும் எதற்குப் பார்க்க வேண்டும்? போட்டது நான் ஒருத்தன்தானா?

அடுத்த மூன்று நாள் பரிசோதனை. ஆளுக்கு இரண்டு கிராம், இரண்டரை கிராம், மூன்று கிராம் என்று நாளுக்கு ஒன்றாகப் போட்டுக் கொடுத்து, ஒரு காகிதத்தில் கட்டம் போட்டு எல்லாரிடமும் கருத்து வாங்கினார். கையெழுத்தோடு. தணிகாசலம் கருத்துக் கட்டத்தில் 'வடை வேணும்' என்று எழுதினான். அவர் அதன் பக்கத்தில் சிவப்பு மையில் 'இதற்குப் பொருந்தாது' என்று எழுதித் தேதி போட்டார்.

முடிவு, இரண்டரை கிராம். செய்முறையை எழுதி, அடுப்புக்கு மேலே கண்ணாடித்தாள் போட்டு ஒட்டிவிட்டார். 'இருபது பேர், ஐம்பது கிராம். தண்ணீர் கொதித்து இறக்கிய பிறகே இலை. மூடி வைத்து நான்கு நிமிடம். வடிகட்டிய பிறகு பால். அனுமதிக்கப்பட்ட மாறுபாடு அரை கிராம்.' டீக்கென்றே தனிக் கிண்ணம், தனிக் காகிதம். ஒருத்தன் லீவு என்றால் இரண்டரை கிராமைக் குறைத்துவிடுவார். விருந்தாளி வருவதாக இருந்தால் பத்து மணிக்குள் சொல்ல வேண்டும். முதலாளியே ஒருநாள், "எனக்குக் கொஞ்சம் ஸ்ட்ராங்கா வேணும்மா" என்று கேட்டுப் பார்த்தார்.

"உங்க ஒருத்தருக்காக ப்ராசஸை மாத்த முடியாது சார்."

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அடேயப்பா, என்ன டீ அது! ஒன்றரை வருஷம், தினம் இரண்டு வேளை, யார் போட்டாலும் ஒரே நிறம், ஒரே ருசி. எங்கள் கம்பெனியில் ஒழுங்காக நடந்த ஒரே வேலை அதுதான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் டீ குடிக்கும்போது என் மனைவியிடம் "எத்தனை கிராம் போட்டே?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் எனக்கு வீட்டில் டீயே கிடையாது.

இனி என் வண்டவாளம். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். அவர் ஐந்தரை மணி ரயிலுக்குக் கிளம்பிவிட்டார். ரிப்பேருக்குப் போக வேண்டிய ஒரு டை, வளையம் வார்க்கிற இரும்பு அச்சு, வண்டியில் ஏறத் தயாராக இருந்தது. அதன் எடையைச் சலானில் எழுத வேண்டும். பெரிய தராசு இருந்த ரூம் பூட்டிக் கிடந்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். நான் அந்த இரும்பைத் தூக்கிக்கொண்டு போய் மேடத்தின் ஐந்து கிலோ தராசில் வைத்தேன். நம்பருக்குப் பதிலாகக் கோடு கோடாக வந்தது. எடுத்தேன். பழையபடி சைபருக்கு வந்தது. அப்பாடா என்று தட்டைத் துடைத்துவிட்டு, சலானில் ஏதோ ஒரு எடையை எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பத்தரை மணி டீ. முதல் வாயிலேயே தணிகாசலம் நின்றான்.

"இன்னா மேடம், இன்னிக்கு கசாயம் மாரி கீது?"

"ஐம்பது கிராம்தான். நானே நிறுத்தேன்."

"நீ நிறுத்துகினே இரு மேடம், நாக்கு இஸ்துகினு பூட்ச்சு."

அவர் அடுப்புக்கு மேலே ஒட்டிய காகிதத்தை மறுபடி ஒருமுறை படித்துப் பார்த்தார். மறுநாளும் கசந்தது. தண்ணீரைச் சந்தேகப்பட்டுக் கேன் தண்ணீர் வாங்கினார். பாலை மாற்றினார். கடிகாரத்தைச் சந்தேகப்பட்டு மொபைலில் நான்கு நிமிடம் வைத்தார். இலையைச் சந்தேகப்பட்டு மூட்டையின் அடியிலிருந்து எடுத்தார். மூன்றாம் நாளும் கசப்பு. முதலாளி டீயைத் தொடவே இல்லை. எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத நாங்கள் அத்தனை பேரும் அந்த ஒன்றில் ஒரே பேச்சாக நின்றோம். காரணம் என்ன என்று பேச்சு வந்தபோது மட்டும் நான் கிளாஸைக் கழுவப் போய்விட்டேன். எனக்குத்தான் தெரியுமே!

தராசைச் சோதிக்கிற எடைக்கற்கள் அந்த வாரம் சான்றிதழுக்காக வெளியே போயிருந்தன. வியாழக்கிழமை மதியம் அவர் ஐம்பது கிராம் இலையை நிறுத்து, காகிதத்தில் மடித்து, என்னிடம் வந்தார்.

"சார், வண்டி இருக்கா? மெயின் ரோடு வரைக்கும் போகணும்."

போன இடம் நகை அடகுக் கடை. இரண்டு பெண்கள் வளையலைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மேடம் நேராகப் போய்ப் பொட்டலத்தைப் பிரித்துக் கண்ணாடிப் பலகையில் வைத்தார். கடைக்காரர் குனிந்து பார்த்தார், மோந்து பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"தேயிலை."

"இதுக்கெல்லாம் அடகு வாங்கறதில்லம்மா."

"அடகு இல்லங்க. எடை பார்க்கணும். உங்க தராசைத்தான் நம்ப முடியும்."

அந்த ஒரு வார்த்தையில் மனுஷன் குளிர்ந்துபோனார். அவரை யாரும் வாழ்க்கையில் அப்படிச் சொன்னதில்லை போலிருக்கிறது. வளையல்காரப் பெண்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு நிறுத்தார். அறுபத்தைந்து கிராம். மேடம் இன்னொரு தடவை நிறுக்கச் சொன்னார். அறுபத்தைந்து. மூன்றாவது தடவையும் அதுவேதான். அங்கே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"டீ போனா போகுது சார்" என்றார் என்னிடம். "கந்தகத்தையும் மூணு நாளா இதுலதானே நிறுத்தேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கந்தகம் அதிகமானால் ரப்பர் இறுகும். இன்றைக்கு அளந்தால் தேறிவிடும். சில மாதம் சூட்டில் கிடந்தால் வெடிப்பு விடும். செவ்வாயிலிருந்து அன்று காலைவரை செய்த வளையம் அத்தனையும் ஏற்கெனவே வண்டி ஏறி வாடிக்கையாளருக்குப் போயிருந்தது. அவை போகப்போவது பிரேக்குக்குள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும் நான்தான் காரணம் என்று. வாய் வரவில்லை. கோழை.

முதலாளி ரூமில் மேடமும் நானும் நின்றோம். விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலாளி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நீங்க டெஸ்ட் பண்ணீங்கல்ல? பாஸ்தானே?"

"பாஸ் சார். மேல் எல்லைய ஒட்டி நிக்குது. இன்னிக்குப் பாஸ்."

"அப்புறம் என்னம்மா? போன் பண்ணி நாமளே சொன்னா ஆர்டரை எடுத்துடுவான். லாக்டவுனுக்கு அப்புறம் நம்மகிட்ட இருக்கிறது இந்த ஒரு ஆர்டர். இருபது குடும்பம் இதுல சாப்பிடுது."

"தெரியும் சார். அதுல என் குடும்பமும் ஒண்ணு."

"தெரிஞ்சும் இப்படிச் சொன்னா?"

"மூணு நாளா நீங்க டீ குடிச்சீங்களா சார்?"

"இல்லம்மா. கசக்குது."

"நீங்க குடிக்காம வெச்சுட்டீங்க. லாரிக்காரருக்கு அது முடியாது சார்."

முதலாளி போனை மேடம் பக்கம் தள்ளினார். ஸ்பீக்கரில் போட்டார்கள். எதிர்முனையில் வாடிக்கையாளர் கம்பெனியின் தர அதிகாரி. மேடம் ஒன்றையும் மறைக்காமல், எந்த நாள், எத்தனை வளையம், எவ்வளவு கந்தகம் கூடியது என்று வரிசையாகச் சொன்னார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"டீ கசந்துச்சு சார்."

போன் செத்துவிட்டதோ என்று முதலாளி குனிந்து பார்த்தார்.

"என்னது?"

மேடம் இரண்டரை கிராமிலிருந்து அடகுக் கடை வரை விளக்கினார். அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு. "சரி, தராசு எதனால கெட்டுது? காரணம்னு என்ன எழுதப் போறீங்க?"

"தராசு என் பொறுப்பு. தினமும் செக் பண்ணியிருக்கணும். என் தப்புன்னுதான் எழுதப் போறேன்."

முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டார். அப்படி எழுதினால் மேடத்துக்கு அங்கே வேலை இருக்காது. வாடிக்கையாளரே அவரை வைத்துக்கொள்ள விடமாட்டார். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"இல்ல சார், நான்தான்!" என்று கத்தியேவிட்டேன். "நான்தான் அதுல டையை வெச்சேன்."

மேடம் திரும்பினார். இத்தனை வருஷம் என் சரக்கின் மேல் சிவப்புச் சீட்டு ஒட்டிய அதே அமைதியான முகம்.

"எத்தனை கிலோ?"

"பதினொண்ணு மேடம்."

"எதுல நிறுத்தீங்க?"

"நிறுக்கத்தானே மேடம் அதுல வெச்சேன்!"

"அப்ப பதினொண்ணுன்னு எப்படித் தெரியும்?"

"அது... சும்மா... சலானுக்காக எழுதினது."

ஸ்பீக்கரில் முதலில் ஒரு இருமல் கேட்டது. அப்புறம் அது இருமல் இல்லை, சிரிப்பு என்று தெரிந்தது. அந்த அதிகாரி அடக்க முடியாமல் சிரித்தார். முதலாளி சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து 'டையின் எடை அளக்கப்படவில்லை' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"மேடம், சரக்கு இன்னும் எங்க லைனுக்குப் போகலை" என்றார் அதிகாரி, சிரிப்பு அடங்கிய பிறகு. "நிறுத்திடறேன். வண்டி அனுப்பி எடுத்துக்குங்க. பத்து நாள்ல புதுசா செஞ்சு குடுங்க. ஆர்டர் உங்ககிட்டயே இருக்கும். ஆனா அந்தப் பதினொரு கிலோ ஆளைத் தராசு பக்கம் விடாதீங்க."

முதலாளி எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே போனார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "மூணு நாளா தெரிஞ்சும் குடிச்சீங்களா அந்தக் கசப்பை?" என்று கேட்டார் அவர். ஆமாம் என்றேன். "போதும், தண்டனை ஆச்சு" என்றார்.

ஷெட்டுக்குப் போனபோது எல்லாரும் பிரஸ்ஸை நிறுத்திவிட்டு நின்றிருந்தார்கள். விஷயம் அதற்குள் பரவியிருந்தது. அவர் அடுப்பைப் பற்ற வைத்தார். தண்ணீர் கொதித்தது, இறக்கினார். அப்புறம் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தராசைக் கழற்றிப் பெட்டியில் கட்டி வைத்தாயிற்று. நாங்கள் எல்லாரும் அவரையே பார்த்தோம். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். உள்ளங்கையைப் பார்த்துக் கொஞ்சம் திரும்பப் போட்டார். மறுபடி கொஞ்சம் எடுத்தார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டு, மூடியை வைத்தார்.

கேவலமான டீ. வெந்நீரில் பாலைக் காட்டின மாதிரி இருந்தது. ஒருத்தரும் முகத்தைச் சுளிக்கவில்லை. கிளாஸ் காலியாகும்வரை, ஒரு சொட்டு விடாமல் குடித்தோம். தணிகாசலம் வாயைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"மேடம், சூப்பரா கீது."

அவர் தன் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அன்றுதான் அவர் அழுது பார்த்தேன்.

"பொய் சொல்லாத தணிகாசலம்" என்றார்.